வாத்து பார்க்கப் போய் உள்வாயில் சிக்கிய கதை

திருநெல்வேலியில் வாத்து பார்க்கப் போய், குளத்துச் சேற்றில் சிக்கி, குளிரில் விறைத்துப்போனேன் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. நான் மருந்து கம்பெனி ரெப். பாளையங்கோட்டை, நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் என்று பைக்கில் சுற்றுகிற பிழைப்பு. விஷயத்தைக் கேட்டதும் மொத்தக் கடை அண்ணாச்சி, “வே, சித்திரையில தார் உருகுத ஊருல குளிருல வெறைச்சீராக்கும்?” என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். சிரிக்கட்டும். எனக்குப் போன பணம் 43,000 ரூபாய் சொச்சம். அது போக, தனியாகச் சேற்றுக்குள் நின்றுகொண்டு இனி வீட்டுக்குப் போவோமா என்று நினைத்த அந்த நேரத்துக்கு விலை போட முடியாது. மார்கழி, தை வந்துவிட்டால் நம் பக்கத்துக் குளங்களுக்கு வாத்து பார்க்கப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர், அதிலும் தனியாகப் போகிறவர்கள் அதிகம். எந்தப் பறவை, எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளத்துக்குள் காலை எங்கே வைக்கக்கூடாது என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம் குளங்களின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. வருகிற தண்ணீரை மறிக்க வேண்டுமே, அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், வளைந்து இரண்டு ஓரமும் கொஞ்சம் மேற்கே நீளும். கரையை ஒட்டி, மடைப் பக்கம்தான் ஆழம். மேற்கே போகப் போகத் தண்ணீர் இடுப்பளவாகி, முழங்காலாகி, கணுக்காலாகி, கடைசியில் கோரையும் சேறுமாக முடியும். அதுதான் உள்வாய். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், நாமத்தலை வாத்து என்று வடக்கேயிருந்து வருகிறவை எல்லாம் முழுதாக முங்கி இரை தேடுகிற இனம் இல்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மேய்கிறவை. ஆழம் அவற்றுக்கு ஆகாது, உள்வாய்தான் தோது. ஆக, நாம் நிற்கிற கரைக்கும் அவை மேய்கிற இடத்துக்கும் நடுவில் முழுக் குளமும் கிடக்கும். பைனாகுலரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பார்க்கிறவனுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய்விடலாமா என்று கால் துறுதுறுக்கும்.

கூந்தன்குளத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1994இல் சரணாலயமான ஊர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பும் வந்தது. ஊர்க்காரர்களே பறவைகளுக்குக் காவல். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, தெரு மரங்களில் நாரைகள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும். புதிதாகப் போகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஒரு சங்கதி உண்டு. எல்லாக் குளத்திலும் தண்ணீர் கிடக்கும்போது வாத்துகள் ஒரே இடத்தில் கூடாது, ஊர் ஊராகப் பிரிந்துவிடும். அப்போது விஜயநாராயணம் பெரியகுளம் மாதிரி பெரிய குளங்கள் மட்டும் இல்லை, பேர் தெரியாத மானாவாரிக் குளத்தில்கூட நூற்றுக்கணக்கில் இறங்கியிருக்கும். அப்படி ஒரு குளத்தை நாங்குநேரி லைன் போகும்போது பஸ் ரோட்டிலிருந்தே பார்த்து வைத்திருந்தேன். எந்தக் குளம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் குழியைப் பார்க்கவே நாலு பேர் போவார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினேன். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தரையை விடுங்கள், பைக்கில் அறுபதில் போனால் முதலில் துளைப்பது முழங்கால் மூட்டை. வாடைக்காற்று வேறு. ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு மெல்லிய ஜெர்கின், கழுத்தில் பைனாகுலர், முதுகுப் பையில் மச்சானிடம் இரவல் வாங்கிய கேமரா, கையில் அவனுடைய டிரைபாட். வீட்டில் “பறவை பாக்கப் போறேன், பத்து மணிக்கு வந்துருவேன்” என்று சொன்னதோடு சரி. எந்த ஊர், எந்தக் குளம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அப்படித்தானே நடக்கிறது.

கரையில் ஏறும்போது ஆறரை மணி இருக்கும், சூரியன் அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் வருகிறது. கிழக்குக் கரையின் அருமை இதுதான்: காலையில் வெயில் நம் முதுகில் விழும், எதிரே மேற்கில் இருக்கிற ஒவ்வொரு பறவையும் நிறத்தோடு துலங்கும். சாயங்காலம் அதே கரையில் நின்றால் எல்லாமே கருப்பு. பக்கத்தில் முக்குளிப்பான், நாமக்கோழி, ஒரு ஜோடிப் புள்ளிமூக்கு வாத்து. நடுவில் ஊசிவால் கூட்டம் ராத்திரி மேய்ந்துவிட்டு வந்து தலையை முதுகில் செருகித் தூங்குகிறது. அந்தக் கோடியில், உள்வாய்ப் புல்லில், பட்டைத்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புக் கோடு போட்ட அதே வாத்துதான், இமயமலையைத் தாண்டி வருகிறது என்று எல்லோரும் சொல்வது. அதில் ஒன்றின் கழுத்தில் பச்சையாக என்னமோ தெரிந்தது.

பறவை பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கோலியா பக்கம் இந்த வாத்துகளைப் பிடித்து, கழுத்தில் எழுத்தும் எண்ணும் போட்ட பட்டை மாட்டி விடுகிறார்கள். அந்த எழுத்தை நாம் படித்துச் சொன்னால், எந்த ஏரியில் எந்த வருஷம் மாட்டியது என்று தெரிந்துவிடும். எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காத காட்சி. அது பட்டையா, கழுத்தில் ஒட்டிய பாசியா என்று கரையிலிருந்து தெரியவில்லை. கேமராவில் முழுக்க இழுத்தும் ஒரு பச்சைத் திட்டுதான். அவ்வளவுதான், டிரைபாடை மடக்கிக்கொண்டு வடக்குக் கரை ஓரமாகச் சுற்றி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, உள்வாய்ப் பக்கம் இறங்கிவிட்டேன்.

எருமைத் தடம் நிறையக் கிடந்தது. எருமை போகிற இடத்தில் மனுஷன் போகலாம் என்று ஒரு தைரியம். மேலே காய்ந்து வெடித்த வண்டல், மிதித்தால் லேசாக அமுங்கியது, தாங்கியது. அப்புறம் கணுக்கால் தண்ணீர், அப்புறம் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அங்கங்கே தண்ணீரில் மிதக்கிற அமலைச்செடி. எருமைத் தடம் எங்கே முடிந்தது என்று நான் கவனிக்கவில்லை, கண் எல்லாம் வாத்துக் கழுத்தில். அடுத்த அடி வைத்தேன், அடியில் தரை இல்லை. நெஞ்சு வரைக்கும் ஒரே போக்காகப் போய் நின்றேன். நின்றேன் என்பதும் சரியில்லை. கால் இரண்டும் முழங்காலுக்கு மேலே உளுந்து மாவு போன்ற சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுப் பை முங்கிவிட்டது. சட்டைப் பையில் செல்போன். மொத்த வாத்தும் ஒரே சத்தத்தில் கிளம்பி என் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்துப் போனது. பட்டையா பாசியா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் தாமிரபரணியில் நீச்சல் படித்தவன். குறுக்குத்துறையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்த ஆள். சேற்றில் அந்த வித்தை ஒன்றும் செல்லாது. ஒரு காலை உருவ முயற்சி பண்ணினால் மொத்தப் பாரமும் மற்றக் காலில் விழுந்து அது இன்னும் இறங்குகிறது. கத்தினேன். “யாராவது இருக்கியளா” என்று முதலில், கொஞ்ச நேரத்தில் வெறும் “அம்மா” என்று. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வெட்கப்பட என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு உள்வாயில் யார் இருப்பார்கள்? வீட்டில் பத்து மணிக்குத்தான் தேடத் தொடங்குவார்கள், அதுவும் எங்கே என்று தேட? கூந்தன்குளத்துக்குப் போய் விசாரிப்பார்கள். அந்த நினைப்பு வந்தபோதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. அது குளிர் நடுக்கம் இல்லை, பயம்.

வெளியே வந்தது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் முதுகுப் பையைக் கழற்றினேன். கேமரா போனால் போகட்டும் என்று மனசு வர நேரம் ஆனது, ஆனால் நனைந்த பை பின்னால் இழுக்கும், கழற்றித்தான் ஆக வேண்டும். அதைப் பக்கத்தில் அமலைச்செடி மேல் தள்ளினேன். பிறகு டிரைபாடை விரிக்காமல், நான் வந்த பக்கம், குழியின் விளிம்பில் படுக்கை வசமாகப் போட்டு அதன் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினேன். நிமிர்ந்து நிற்கக்கூடாது, சேற்றில் உடம்பைப் படுக்கப்போட வேண்டும். பாரம் பரவினால்தான் அமுங்காது. காலை வெடுக்கென்று இழுக்காமல், முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டினால் சேற்றுக்கும் காலுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கும், பிடி தளரும். ஒரு கால் வந்தது, ஷூ வரவில்லை. அதே மாதிரி அடுத்த கால். பிறகு எழுந்திருக்காமல், நெஞ்சால் ஊர்ந்தே வந்தேன், கெட்டித் தரை கையில் தட்டுப்படுகிற வரைக்கும். திரும்பிப் பார்த்தால் சூரியன் கரைப் பனைமரத்துக்கு மேலே நிற்கிறது. பையையும் டிரைபாடையும் இழுத்து எடுத்தேன். வலது பாதத்தில் ஏதோ கீறி ரத்தம். உடைந்த பீர் பாட்டிலாகத்தான் இருக்கும், நம் குளங்களில் அதற்குப் பஞ்சமில்லை.

ஆபத்து முடிந்தது என்று நினைத்தேன், இரண்டாவது பாதி அதன்பிறகுதான். கருவேலங்காட்டைத் தாண்டிப் பைக்குக்கு வருவதற்குள் பல் அடிக்கத் தொடங்கியது. வெயில் வந்துவிட்டது, ஆனால் வாடை நிற்கவில்லை. பருத்திச் சட்டை தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். நனைந்த துணி மேல் காற்று அடித்தால் அந்த ஈரம் ஆவியாகப் போகும்போது இன்னும் சூட்டைக் கொண்டுபோகும். இதற்குப் பனி விழுகிற ஊர் தேவையில்லை. மருந்து விற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும், டாக்டர்களிடம் வாய் கிழியப் பேசுவேன், ஆனால் அன்றைக்கு ஜெர்கின் ஜிப்பை இறக்க விரல் மடங்கவில்லை. பைக்கை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச தூரம் போனேன். பிரேக்கைப் பிடிக்கக் கை கேட்கவில்லை, வண்டி ஆடுகிறது. நிறுத்திவிட்டேன். அதைத்தான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். நடுக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள். முதலில் ஈரத் துணியைக் கழற்றிப் பிழியுங்கள், காற்றுக்கு மறைவாக உட்காருங்கள், சூடு ஏறிய பிறகு வண்டி. மாற்றுச் சட்டை, ஒரு சாரம் (கைலி), ஒரு துண்டு இதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வண்டி டேங்க் கவரில் போட்டு வைத்தால் பத்து பைசா செலவில்லை.

கரைச் சரிவில் நான் ஒண்டிக்கொண்டிருந்தபோது ஆடு பத்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். தலையிலிருந்து கால் வரை சேறு பூசி ஒருத்தன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் பயந்ததாகவே தெரியவில்லை.

“எங்கன உழுந்திய?”

“உள்வாயில அண்ணாச்சி. வாத்து பாக்க வந்தேன்.”

“பாக்கவா, பிடிக்கவா?”

“பாக்கத்தான்.”

“பாக்கதுக்கு எதுக்கு உள்ள எறங்கணும்? கரையில நின்னா தெரியாதாக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த கம்பளியை என் மேல் போட்டுவிட்டு, தொரட்டியால் பனையடியில் கிடந்த காவோலை நாலைந்தை இழுத்துப் போட்டுத் தீ வைத்தார். காவோலை சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் ஒன்று தீர ஒன்று என்று வைத்துக்கொண்டே இருந்தார். கம்பளியில் ஆட்டு வாடை. அதைவிட நல்ல வாடையை நான் அதுவரை மோந்ததில்லை. பேச்சுவாக்கில் சொன்னார்: “வெள்ளத்துல கரை உடஞ்சுதுல்லா, அதை அடைக்க மண்ணு அங்கனதான் அள்ளுனாவ. அதுக்குப் பொறவு வண்டல் எடுக்கோம்னு வேற தோண்டுனாவ. ஆள் மட்டத்துக்குக் கெடக்கு. எங்க எருமையே அந்தப் பக்கம் போவாது தம்பி.” அவர் சொன்னது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் குளங்கள் உடைத்துக்கொண்டு போன சமயம். உடைந்த கரையை அடைக்க மண் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். வயலுக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுப்பதும் புதிதில்லை, நல்ல காரியம்தான். கையால் வெட்டிய காலத்தில் படுகை முழுக்கச் சீராக எடுப்பார்கள். இயந்திரம் ஒரே இடத்தில் செங்குத்தாகத் தோண்டிவிட்டுப் போகிறது. தண்ணீர் பெருகிய பிறகு குழியும் தெரியாது, விளிம்பும் தெரியாது. மேலே எல்லாம் ஒரே மட்டம்.

அடுத்த சிக்கல் போன். பெரியவரிடம் பட்டன் போன் இருந்தது, கொடுத்தார். யாருக்குப் போடுவது? என் மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பேரைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன். ஞாபகத்தில் இருந்த ஒரே நம்பர் மச்சானுடையது, பேன்ஸி நம்பர் என்று பீற்றிக்கொண்டு வாங்கியது. கேமராவின் சொந்தக்காரனிடமே முதல் தகவலைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கார் எடுத்து வருகிற வரைக்கும் பெரியவர் ரோட்டோர டீக்கடைக்குக் கூட்டிப்போய் கருப்பட்டிக் காபி வாங்கிக் கொடுத்தார். என்னிடம் ஒரு ரூபாய் கிடையாது, எல்லாம் போனுக்குள் ஜிபேயில். கடையில் ஒருத்தர் அக்கறையாக, “ஒரு கட்டிங் போட்டா குளிரு ஓடிரும்” என்றார். போடாதீர்கள். சாராயம் உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் ஓடிச் சூடு ஏறுகிற மாதிரித் தோன்றும், நிஜத்தில் உள்சூடு இன்னும் வேகமாக வெளியே போகும். சர்க்கரை போட்ட சூடான எதுவும் நல்லது. இப்போது ஹெல்மெட் உள்ளே ஒரு இருநூறு ரூபாய் நோட்டும், இரண்டு நம்பர் எழுதிய அட்டையும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி பணக் கணக்கு. போன் செத்துவிட்டது, புதிது 13,000. செத்த போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தது என் மனைவி; அரிசி ஒன்றும் செய்யாது. நனைந்த போனை ஆன் பண்ணாமல், சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. நான் ஆட்டு மந்தைக்கு நடுவிலேயே நாலு தடவை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டேன். மச்சானுடைய கேமராவைச் சர்வீஸில் திறந்து பார்த்து, உள்ளே வண்டல் என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். அதே மாதிரி ஒன்று பழசாக வாங்கிக் கொடுத்தது 22,000. பைனாகுலர் பெட்டியில் தண்ணீர் புகாது என்று போட்டிருந்தது. இரண்டு நாளில் உள்கண்ணாடியில் முத்து முத்தாக நீர், சுத்தம் பண்ண 2,500. தெறிக்கிற தண்ணீரைத் தாங்குவது வேறு, முங்கினால் தாங்குவது வேறு. எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதைச் சொல்ல ஐபிஎக்ஸ் என்று ஒரு எண் போட்டிருக்கும். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிப்புக்கு மட்டும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள், பெட்டியில் இருக்கிற படத்தைப் பார்க்காதீர்கள். ஷூ 1,800. மிச்சம் ஆஸ்பத்திரி. இதில் பாதிப் பணத்துக்குச் சுமாரான ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டுகிற தொலைநோக்கி) வந்திருக்கும். கரையிலேயே நின்று, கழுத்தில் இருந்தது பட்டையா பாசியா என்று பார்த்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலில் கீறல், அன்றைக்கே டிடி ஊசி போட்டாயிற்று. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைச்சதையில் கடுமையான வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு லைன் போகலாம் என்றுதான் இருந்தேன். நான் பார்க்கப் போகிற ஒரு டாக்டர் முகத்தைப் பார்த்ததும், “குளம், வயல்னு எங்கயும் எறங்கினீங்களா?” என்று கேட்டார். சொன்னதும் எலிக்காய்ச்சல் பரிசோதனைக்கு எழுதினார். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் இருக்கிற கிருமி, தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அது வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலை காட்டும். ஆரம்பத்தில் டாக்டர் எழுதுகிற சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே கட்டுப்படும், விட்டால் கிட்னி, ஈரல் வரை போகும். எனக்கு அது இல்லை என்று வந்தது, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அவர் கேட்காமல் இருந்திருந்தால் குளத்து விஷயத்தை நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். குளத்துத் தண்ணீரில் இறங்கிவிட்டுக் காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறவர்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சித்திரையில் பெரியவரைத் தேடிப் போனேன், ஒரு புதுக் கம்பளியோடு. குளம் வறண்டு கிடந்தது. அவர் கூட நடந்து காட்டினார். நான் விழுந்த குழி என் உயரத்துக்கு இருக்கிறது, அதன் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இரண்டு. நான் இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போயிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. வாத்துப் பருவம் முடிந்ததும் யாரும் குளத்துப் பக்கம் போவதில்லை, ஆனால் குளத்தைப் படிக்க வேண்டிய காலம் அதுதான். எங்கே குழி, எங்கே ஓடை, எந்த மேட்டில் தண்ணீர் வடிந்ததும் முதலில் புல் தலை காட்டும் என்று எல்லாம் திறந்து கிடக்கும். கோடையில் பார்க்க முடியாதவர்கள் மீன் குத்தகைக் காவல்காரரிடமோ மாடு மேய்க்கிறவரிடமோ கேளுங்கள். முதலில் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், வலை வைக்க வந்தவனோ என்று. பைனாகுலரை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் அடுத்த நிமிஷம் நம் ஆள் ஆகிவிடுவார்கள்.

இப்போதெல்லாம் நான் கரையை விட்டு இறங்குவதில்லை. இறங்காமலே எவ்வளவு பார்க்கலாம் என்பது எனக்கே ஆச்சரியம். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் எழும்பி எவ்வளவு நல்ல கண்ணாடியும் உருவத்தை நெளிய வைக்கும். பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கில் காற்றடிக்கிற கரையில் கை ஆட்டம் தெரியும். தூரத்தில் நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். நீளக் கழுத்தும் கூர்வாலும் என்றால் ஊசிவால். உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகைத் தண்ணீரில் பரத்திக்கொண்டு அரித்துப் போவது தட்டைவாயன். நெற்றியில் வெளிர்மஞ்சள் நாமம் போட்டது நாமத்தலை வாத்து ஆண். நீலச்சிறகி ஆணுக்குக் கண்மேல் அகலமான வெள்ளைப் புருவம் உண்டு, ஆனால் டிசம்பரில் பல ஆண்கள் பெட்டை வேஷத்தில்தான் இருக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் போனால் புருவம் துலங்கிவிடும், அடையாளம் காண்பது சுலபம். நாம் அருகே போனால் என்ன ஆகிறது என்பதையும் அன்றைக்குப் பார்த்துவிட்டேனே: மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் அசந்து கிடக்கிறவை. மாசி, பங்குனியில் திரும்பப் பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருப்பவை. ஒரு தடவை கிளப்பிவிட்டால் அடுத்த குளம் வரை போய்விடும், நமக்கும் ஒன்றும் மிஞ்சாது.

தனியாகப் போக வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் குளங்களைக் குழு குழுவாகப் பிரித்துக்கொண்டு எண்ணுவார்கள். பறவை தெரியாத ஆளும் தெரிந்த ஆள் கூடப் போய்க் கற்றுக்கொள்ளலாம். வருகிற ஜனவரிக்கு நானும் போவதாக இருக்கிறேன். வீட்டில் இந்தத் தடவை குளத்தின் பேர், போகிற வழி, திரும்புகிற நேரம் எல்லாம் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டச் சொல்லியிருக்கிறாள். மச்சான் தானும் வருகிறேன் என்கிறான், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு.